வாசகர் கேள்வி – பதில்: பாதமும் இயற்பியலும்

கேள்வி: பாதப் பராமரிப்புப் படிப்பில் முதலாண்டு மாணவி நான். ஒற்றைக் காலின் முன்பாதத்தை ஊன்றிக் குதியை உயர்த்தி நிற்கும்போது பாதம் இரண்டாம் வகை நெம்புகோலாகிறது (ஆதாரப் புள்ளிக்கும் இழுக்கும் விசைக்கும் நடுவே சுமை இருப்பது) என்றும், ஆகவே குதிநாணின் (கெண்டைக்கால் தசையைக் குதியெலும்புடன் இணைக்கும் நாண்) இழுவிசை உடல் எடையைவிடக் குறைவு என்றும் என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். ஆசிரியரோ, அது எடையைப் போல் இரு மடங்குக்கும் மேல் என்கிறார். எது சரி?

பதில்: ஆசிரியர் சொல்வதே சரி. உங்கள் பிழை மிக இயல்பானது. அதனாலேயே அதை விரிவாகப் பார்ப்பது நல்லது.

உடல் எடை 600 நியூட்டன் என்றும், கணுக்கால் மூட்டின் அச்சிலிருந்து முன்பாதம் ஊன்றும் இடம் 12 செ.மீ. முன்னேயும், குதிநாண் 5 செ.மீ. பின்னேயும் இருப்பதாகவும் கொள்வோம். (இந்த அளவுகள் ஆளுக்கு ஆள் மாறும்.) முன்பாதத்தை ஆதாரப் புள்ளியாக்கி, கணுக்காலின் மீது 600 நியூட்டன் மட்டுமே இறங்குவதாக நீங்கள் கணக்கிட்டிருப்பீர்கள். அப்போது 600 × 12-ஐ 17-ஆல் வகுக்க, ஏறத்தாழ 424 நியூட்டன் வரும்.

இங்கே விடுபட்டுப்போனது ஒன்றே. கெண்டைக்கால் தசையின் மேல்முனை தொடையெலும்பிலும் கீழ்க்கால் எலும்புகளிலும் பற்றியிருப்பதால், அது குதியை எவ்வளவு விசையுடன் மேலே இழுக்கிறதோ, அவ்வளவு விசையுடன் காலைக் கீழ்நோக்கியும் இழுக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான். ஆகவே கணுக்கால் மூட்டு தாங்குவது எடையை மட்டுமன்று. எடையையும் நாணின் இழுவிசையையும் சேர்த்துத் தாங்குகிறது.

இப்போது பாதத்தை மட்டும் தனியே வரைந்து, அதன் மீது செயல்படும் விசைகளைக் குறியுங்கள்: முன்பாதத்தில் தரையின் எதிர்விசை 600 நியூட்டன் மேல்நோக்கி, குதியில் நாணின் இழுவிசை மேல்நோக்கி, கணுக்காலில் மூட்டுவிசை கீழ்நோக்கி. பாதத்தின் சொந்த எடை சிறிது என்பதால் அதை விட்டுவிடலாம். கணுக்காலைச் சுற்றிய திருப்புத்திறன்களை (விசையை அச்சிலிருந்து அதன் தொலைவால் பெருக்கியது) சமன் செய்தால், 600 × 12-ஐ 5-ஆல் வகுத்து, இழுவிசை 1,440 நியூட்டன் என்று கிடைக்கும். மூட்டின் மீதான விசை 2,040 நியூட்டன், அதாவது எடையின் 3.4 மடங்கு. ஆதாரத்தை முன்பாதத்திலேயே வைத்து, மூட்டுவிசையை 2,040 என எடுத்தாலும் (2,040 × 12 ÷ 17) அதே 1,440 வரும். நெம்புகோலின் வகை, நாம் ஆதாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறலாம். நாணில் உள்ள இழுவிசை மாறாது. வகையை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் படத்தைப் பத்து முறை வரைந்து பார்ப்பதையே நான் பெரிதும் வற்புறுத்துவேன். குதிநாண் நோவுள்ளவருக்குக் குதியை உயர்த்தும் பயிற்சியை முதலில் இரு கால்களிலும் தொடங்கச் சொல்வதன் காரணமும் அந்தப் படத்திலேயே இருக்கிறது: சுமை இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு நாணிலும் இழுவிசை பாதியாகிறது.

கேள்வி: காலாணியின் மேலேயே மெத்தைத் துண்டை ஒட்டுவதா, அதைச் சுற்றி ஒட்டுவதா?

பதில்: பெரும்பாலும் சுற்றி ஒட்டுவதே, அதாவது காலாணி இருக்கும் இடத்தில் துளையிட்ட மெத்தையை ஒட்டுவதே பொருத்தம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. 600 நியூட்டன் விசை 100 ச.செ.மீ. பரப்பில் பரவினால் சராசரி அழுத்தம் 60 கிலோபாஸ்கல், 40 ச.செ.மீ. பரப்பில் குவிந்தால் 150 கிலோபாஸ்கல். காலாணியின் மேல் சிறு துண்டை ஒட்டினால் ஏற்கெனவே மேடான இடம் இன்னும் மேடாகி, கூடுதல் விசையை ஏற்கும்.

ஆனால் எந்த மெத்தையும் விசையை மறையச் செய்வதில்லை. அண்டையிலுள்ள தோலுக்கு மாற்றிவிடுகிறது. துளையிட்ட மெத்தையின் விளிம்பு செங்குத்தாக இருந்தால் அங்கே அழுத்தம் குவியும் என்பதால் விளிம்பைச் சாய்வாகச் சீவுங்கள். நீரிழிவால் பாத உணர்வு குன்றியவர் அந்தக் குவிப்பை உணரமாட்டார். அவருக்குத் துளையிட்ட மெத்தையைத் தவிர்ப்பதே என் பரிந்துரை. தோலுக்கு இணையாக இழுக்கும் சறுக்குவிசையும் காலாணியை வளர்க்கும் என்பதால் காலணி தளர்வாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: எடைக்கருவி காட்டும் கிலோகிராமை அப்படியே விசையாக எழுதலாமா?

பதில்: கூடாது. கிலோகிராம் நிறையின் அலகு. விசை வேண்டுமானால் 9.8-ஆல் பெருக்கி நியூட்டனில் எழுதுங்கள். 60 கிலோகிராமுக்கு 588 நியூட்டன் வரும். மேலே 600 என்று நான் எடுத்துக்கொண்டது கணக்கின் எளிமைக்காக.