டிஸ்சார்ஜ் அன்று போனை எடுப்பது யார்?

கேள்வி: சென்னை கிரீம்ஸ் சாலை அருகே ஒன்பது அறைகள் வைத்துச் சர்வீஸ் அபார்ட்மென்ட் நடத்துகிறேன். வங்கதேசம், மாலத்தீவு, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்கள்தான் தங்குகிறார்கள். ஒரு டிராவல்ஸ்காரர், பெங்காலி மொழிபெயர்ப்பாளர், சமைத்துத் தரும் ஒரு அக்கா, நான் என நாலு பேரும் சேர்ந்து பேக்கேஜ் போடலாம் என்று பேச்சு. போன தடவை வேறு ஆட்களுடன் சேர்ந்தது கமிஷன் சண்டையில் முடிந்தது. இந்த முறை பங்கை எப்படிப் பிரிப்பது?

பதில்: பங்கை அப்புறம் பேசலாம். டிஸ்சார்ஜ் நாள் எப்படிப் போகும் என்று நாலு பேரும் உட்கார்ந்து முதலில் பேசிவிடுங்கள்.

காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்பார். குடும்பம் உடனே டிரைவரைக் கூப்பிடும். டிஸ்சார்ஜ் சம்மரி (சிகிச்சை விவரத் தாள்) டைப் ஆகி, மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுத்து, பில் முடிவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். பதினொரு மணிக்கு வந்த வண்டி, காத்திருந்து பார்த்துவிட்டு ஏர்போர்ட் டிரிப்புக்குப் போயிருக்கும். மொழிபெயர்ப்பாளர் வேறொரு ஸ்கேன் அறையில் இருப்பார். மறுநாள்தான் வருவார்கள் என்று அறையை நீங்கள் வேறு ஆளுக்குக் கொடுத்திருப்பீர்கள். தையல் போட்ட வயிற்றோடு நோயாளி ரிசப்ஷனில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தனித்தனியாகப் பார்த்தால் யார் மேலும் தப்பில்லை. நான் பார்த்த கூட்டுகளில் பாதிக்கு மேல் இப்படி ஒரு சாயங்காலத்தில்தான் உடைந்தன. கமிஷன் சண்டை அதற்குப் பிறகு வருவது.

ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர் வேண்டும். குடும்பம் படுத்து எழுவது உங்கள் இடத்தில் என்பதால் அது நீங்களாக இருப்பதே நல்லது. வண்டிக்குக் காத்திருப்புக் கட்டணம் மணிக்கு எவ்வளவு, அறைக்கு அரை நாள் வாடகை எவ்வளவு என்பதை முன்னாலேயே எழுதி நோயாளியிடமும் காட்டிவிடுங்கள். தாமதம் வரத்தான் செய்யும். அதன் விலை தெரிந்திருந்தால் கோபம் வராது.

வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பயாப்சி ரிப்போர்ட்டை அதில் போடாதீர்கள். சக்கர நாற்காலி மடக்கணுமா, நோயாளி கால் நீட்டிப் படுக்கணுமா, டிரைவருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். அக்காவுக்கு உப்பு, சர்க்கரை, தண்ணீர் அளவு தெரிய வேண்டும். அதுவும் மருத்துவமனை டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த தாளிலிருந்து. சிறுநீரக நோயாளிக்கு "உடம்புக்கு நல்லது" என்று யாராவது இளநீர் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். அதில் பொட்டாசியம் அதிகம், அவருக்கு அது ஆபத்து.

மொழிபெயர்ப்பாளருக்கு எல்லாமே தெரியும். அதனால் அவரிடம் மட்டும் ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்குங்கள், நாள் சம்பளம் கொடுங்கள், மருந்துக்கடை, லேப் என்று எங்கிருந்தும் அவர் கமிஷன் வாங்கக் கூடாது என்று எழுதுங்கள். நோயாளிக்கு இந்த ஊரில் அவர்தான் நாக்கு. அந்த நாக்கை வேறு யாரோ வாடகைக்கு எடுத்தால் உங்கள் நாலு பேர் பெயரும் கெடும். இதில் நான் கொஞ்சமும் இறங்கி வரமாட்டேன்.

சரி, பங்கு. பேக்கேஜ் என்றாலும் அறை, வண்டி, மொழி, சாப்பாடு நாலுக்கும் தனித்தனி விலை போட்டு ஒரே தாளில் கொடுங்கள். அவரவர் பணம் அவரவருக்கு. பொறுப்பாளருக்கு மட்டும் ஒருங்கிணைப்புக் கட்டணம் என்று ஒரு வரி. சிகிச்சைப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகவே வேண்டாம், நோயாளி நேராக மருத்துவமனையில் கட்டட்டும். நோயாளியை அனுப்பியதற்கு டாக்டர் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள் தடுக்கின்றன. அந்தப் பேச்சை எடுப்பவரைக் கூட்டில் சேர்க்காதீர்கள்.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதிய வேண்டியது உங்கள் பொறுப்பு. பாஸ்போர்ட், விசா நகலை டிரைவர் ஏர்போர்ட்டிலேயே படம் எடுத்து அனுப்பினால் வேலை சுலபம். "கிட்னி கொடுக்க ஆள் கிடைக்குமா" என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பு வியாபாரத்துக்குச் சிறை. பேசி முடித்துக் கொடுத்த இடைத்தரகரும் தப்ப முடியாது.

இன்னொன்று, 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தவருக்கு விசா குறைந்ததும் பல விடுதிகளில் அறைகள் காலியாகக் கிடந்தது உங்களுக்கே தெரியும். மொழிபெயர்ப்பாளர் பெங்காலி மட்டும் பேசுபவர் என்றால், மாலத்தீவு நோயாளிக்கு அவர்கள் மொழியான திவேஹி தெரிந்த இன்னொருவரை இப்போதே பேசி வையுங்கள். முதலில் இரண்டு நோயாளிகளுக்கு மட்டும் நாலு பேரும் சேர்ந்து செய்து பாருங்கள். ஒப்பந்தத்தை அதற்குப் பிறகு எழுதினால் போதும்.