டெவ்ஆப்ஸ் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

தம்பிக்குக் கல்லூரி வளாகத் தேர்வில் 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆபரேஷன்ஸ் டிரெய்னி' வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கூடப் படித்தவர்கள் டெவலப்பராகப் போக, இவன் மட்டும் ராத்திரி ஷிஃப்டில் சர்வரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதானா என்பது உங்கள் கவலை. அந்த வேலையும் ஆட்டோமேஷன் வந்தால் நிலைக்காது என்று உறவினர் ஒருவர் வேறு பயமுறுத்தியிருக்கிறார். போதாக்குறைக்கு, டெவ்ஆப்ஸ் (மென்பொருளை உருவாக்குவதையும் சர்வர்களில் ஓடவைப்பதையும் ஒன்றாக இணைத்துச் செய்யும் முறை) கோர்ஸ் என்று, நாற்பத்தைந்து நாளில் ஆன்சிபிள், பப்பெட், குபர்நெட்டிஸ் என்ற கருவிகளையெல்லாம் சொல்லித் தருவதாக ஒரு பயிற்சி மையம் பெரிய தொகை கேட்கிறது; நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நகையை வைக்காதீர்கள். அந்த கோர்ஸ் இப்போது வேண்டாம். ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தம்பியையும் படிக்கச் சொல்லுங்கள், நடுவில் சில பகுதிகள் அவனுக்காகவே எழுதியவை.

முதலில் அந்த வேலை என்னவென்று பார்ப்போம். நீங்கள் போனில் பணம் அனுப்பும்போது எங்கோ இருக்கும் சர்வர்களில், அதாவது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில், பல நிரல்கள் வேலை செய்கின்றன. வலைப்பக்கத்தைக் கொடுக்க ஒன்று, தரவுத்தளத்துக்கு ஒன்று, கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்க ஒன்று, பதிவேடு எழுத ஒன்று. இவற்றுக்குத் திரை கிடையாது, யாரும் கிளிக் செய்து திறப்பதும் கிடையாது. இவைதான் சர்வீஸ்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி, ஓடுகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கரண்ட் போய் வந்தால் அதுவாகவே ஓட ஆரம்பிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான சர்வர்களில் எந்த சர்வீஸ் ஓட வேண்டும், எது ஓடக்கூடாது, எது எந்த அமைப்போடு ஓட வேண்டும் என்பதை உறுதி செய்வதுதான் தம்பிக்கு வந்திருக்கும் வேலை. வங்கி, ஆஸ்பத்திரி, தொலைபேசி நிறுவனம் என்று இந்த வேலை இல்லாத இடமே இல்லை.

இதில் கவனக்குறைவு என்ன செய்யும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் இருந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தையில் தொடங்கவிருந்த ஒரு புதிய திட்டத்துக்காக, தன்னுடைய 8 சர்வர்களில் புதிய மென்பொருளைப் போட வேண்டியிருந்தது. அதைக் கையால் போட்ட ஊழியர் ஒரு சர்வரை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறையும் அங்கே இல்லை. அந்த ஒரு சர்வரில் பல வருடமாகப் பயன்படுத்தாத பழைய நிரல் ஒன்று கிடந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு, நிறுத்தாமல் பங்குகளை வாங்கி விற்க ஆரம்பித்தது. பதறிப்போய், மற்ற 7 சர்வர்களில் சரியாக இருந்த புதிய நிரலையும் எடுத்துவிட்டார்கள். நிலைமை இன்னும் மோசமானது. 45 நிமிடத்தில் போனது 46 கோடி டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் வேறொன்றுடன் இணைக்கப்பட்டுவிட்டது.

எட்டு சர்வருக்கே இந்தக் கதி என்றால், எண்ணூறு இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒருவர் உள்ளே போய்க் கையால் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் ஆட்டோமேஷன் கருவிகள் வந்தன. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜெஸ் 1993இல் சிஎஃப்எஞ்சின் என்ற கருவியைத் தொடங்கினார். பிறகு 2005இல் பப்பெட், 2009இல் செஃப், 2011இல் சால்ட், 2012இல் ஆன்சிபிள். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: 'இதைச் செய், அப்புறம் அதைச் செய்' என்று கட்டளை கட்டளையாகச் சொல்வதைவிட, 'கடைசியில் சர்வர் இப்படி இருக்க வேண்டும்' என்று எழுதிவைத்துவிடுவது. கருவி போய்ப் பார்க்கும். அப்படியே இருந்தால் தொடாது, மாறியிருந்தால் சரிசெய்யும்.

சரி, இனி தம்பிக்கு.

தம்பி, கருவியின் பெயரைத் தெரிந்துகொள்ளும் முன் சர்வீஸ் என்றால் என்ன என்று உன் கைக்குப் பழக வேண்டும். சர்வர்களில் ஓடும் இயங்குதளமான லினக்ஸின் ஏறத்தாழ எல்லாப் பெரிய வகைகளிலும் இன்று சர்வீஸ்களை நிர்வகிப்பது சிஸ்டம்டி. ரெட் ஹாட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் லென்னார்ட் பொட்டரிங்கும், அவருடன் கே சீவர்ஸும் 2010இல் தொடங்கியது. 2014இல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7க்கும், 2015இல் டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் வந்துவிட்டது. உன்னிடம் இருக்கும் 8 ஜிபி லேப்டாப்பே போதும். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிக்காட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதில் அல்மாலினக்ஸோ ராக்கி லினக்ஸோ நிறுவு. இரண்டும் இலவசம்.

பைத்தானில் ஒரு சின்ன வலை சர்வரை எடுத்துக்கொள், ஒரே வரியில் கிளம்பிவிடும். அதற்கு, சிஸ்டம்டி படிக்கும் யூனிட் ஃபைல் ஒன்றை நீயே எழுது. எந்த நிரலை ஓட்ட வேண்டும், எந்தப் பயனர் பெயரில் ஓட வேண்டும், எதற்குப் பிறகு கிளம்ப வேண்டும், விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பத்து வரிக்குள் முடிந்துவிடும். பிறகு 'ஸ்டார்ட்' கொடு, ஓடும். இப்போது மெஷினை ரீபூட் செய். சர்வீஸ் காணாமல் போயிருக்கும். 'ஸ்டார்ட்' என்பது இப்போது ஓட்டு என்று மட்டும்தான் சொல்கிறது. மெஷின் எழும்போதெல்லாம் ஓட வேண்டுமென்றால் 'எனேபிள்' கொடுக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் நேர்காணலில் திணறும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன், அவர்கள் கையில் கோர்ஸ் சான்றிதழும் இருக்கிறது.

அடுத்து, யூனிட் ஃபைலில் 'ரீஸ்டார்ட்' என்ற இடத்தில் 'ஆன்-ஃபெயிலியர்' என்று எழுதிவிட்டு, நிரலைச் சாதாரண 'கில்' கட்டளையால் கொன்று பார். அது மறுபடி எழாது. 'கில் மைனஸ் 9' கொடுத்துப் பார், எழுந்துவிடும். முதல் வகை சிக்னலை, ஒழுங்காக நிறுத்தச் சொன்னார்கள் என்றுதான் சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். இரண்டாவதுதான் அதன் கணக்கில் விபத்து. கடைசியாக, நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்து, கிளம்பியதும் சாகிற மாதிரி செய். சில தடவை எழுப்பிப் பார்த்துவிட்டு சிஸ்டம்டி கைவிட்டுவிடும். நாம் எதையும் மாற்றவில்லையென்றால் 10 விநாடிக்குள் 5 தடவை என்பதுதான் வரம்பு. அப்போது ஜர்னல் என்ற சிஸ்டம்டியின் பதிவேட்டைத் திறந்து என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படி. இதற்கெல்லாம் யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. லினக்ஸ் அடிப்படையைத் தமிழிலேயே கேட்க வேண்டுமென்றால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் இருக்கிறது.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு ஆன்சிபிளைத் தொடு. நான் ஆன்சிபிளை முதலில் சொல்வதற்குக் காரணம், அதற்கு அந்தப் பக்கத்து சர்வரில் தனியாக ஏஜென்ட் (அங்கேயே ஓடும் துணை நிரல்) எதுவும் நிறுவ வேண்டாம். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் முறை) வழி உள்ளே போக முடிந்து, அங்கே பைத்தான் இருந்தால் போதும். இன்னும் இரண்டு வர்ச்சுவல் மெஷின்களைச் சேர்த்துக்கொண்டு, நீ கையால் செய்த அதே வேலையை ஒரு பிளேபுக்காக, அதாவது ஆன்சிபிள் படிக்கும் கோப்பாக, எழுது. முதல் தடவை ஓட்டினால் 'சேஞ்ச்டு' என்று வரும். உடனே இரண்டாவது தடவை ஓட்டு. எல்லா வரியிலும் 'ஓகே' மட்டும் வர வேண்டும். இரண்டாவது தடவையும் 'சேஞ்ச்டு' வந்தால் நீ எழுதியதில் ஏதோ சரியில்லை. பெரும்பாலும் 'ஸ்டார்ட்டட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ரீஸ்டார்ட்டட்' என்று எழுதியிருப்பாய். அப்படி எழுதினால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சர்வீஸ் விழுந்து எழும். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு வங்கியின் சர்வரில் அதைச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்.

இன்னொரு இடம், இதில் அனுபவசாலிகளும் மாட்டிக்கொள்வார்கள். அமைப்புக் கோப்பு மாறினால் மட்டும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய் என்று சொல்ல ஆன்சிபிளில் ஹேண்ட்லர் இருக்கிறது. ஹேண்ட்லர் உடனே ஓடாது, வேலையெல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் ஓடும். கோப்பு மாறிவிட்டது, ஆனால் நடுவில் வேறொரு படி தோற்றுவிட்டது என்று வை. ஹேண்ட்லர் ஓடவே ஓடாது. நீ பிழையைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுகிறாய். கோப்பு ஏற்கெனவே சரியாக இருப்பதால் ஆன்சிபிள் 'ஓகே' என்று தாண்டிப் போய்விடும், ஹேண்ட்லரை யாரும் கூப்பிட மாட்டார்கள். திரை முழுக்கப் பச்சை. சர்வீஸோ பழைய அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இதைத் தவிர்க்க 'ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ்' என்று ஒரு வழி உண்டு, ஆனால் வழியைவிட இப்படி நடக்கும் என்ற அறிவுதான் முக்கியம். நேர்காணலில் உனக்கு இந்தக் கேள்வி வந்தால் அது உன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்.

பப்பெட் வேறு மாதிரி. ஒவ்வொரு சர்வரிலும் அதன் ஏஜென்ட் இருக்கும், வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து சரிபார்க்கும். சேர்ந்த புதிதில் ஏதோ ஒரு சர்வீஸை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவாய், திரும்பி வந்தால் அது ஓடிக்கொண்டிருக்கும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஓட வேண்டும் என்று பப்பெட்டில் எழுதியிருக்கிறார்கள், அது எழுப்பிவிட்டது. செஃபும் சால்ட்டும் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் இருந்தால் அங்கேயே படித்துக்கொள்ளலாம்.

அம்மா, இப்போது உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். ஆட்டோமேஷன் வந்தால் ஆள் வேண்டாமே?

2023 மார்ச் 8 அன்று டேட்டாடாக் என்ற நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். மற்ற நிறுவனங்களின் சர்வர்களைக் கண்காணிப்பதே அவர்கள் தொழில். அவர்களிடமிருந்த பல்லாயிரம் சர்வர்களில் பாதுகாப்பு அப்டேட் தானாக ஏறும்படி ஓர் அமைப்பு இருந்தது. அன்று ஏறியது சிஸ்டம்டிக்கான அப்டேட். அதனால் நெட்வொர்க்கைக் கவனிக்கும் ஒரு பின்னணி சர்வீஸ் மறுபடி கிளம்பியது. அது கிளம்பும்போது தனக்குத் தெரியாத நெட்வொர்க் விதிகளை அழித்துவிடும் வழக்கம் உள்ளது. கன்டெய்னர்களுக்காக (நிரல்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் பொதிகள்) வேறொரு மென்பொருள் எழுதிவைத்திருந்த விதிகள் அதில் போயின. சாதாரணமாக அந்த சர்வீஸ் மெஷின் எழும்போதுதான் கிளம்பும், அந்த நேரத்தில் அழிக்க எந்த விதியும் இருக்காது. அதனால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. பெரும்பாலான சர்வர்களில் ஒரே அமைப்பு, ஒரே மணி நேரத்துக்குள் அப்டேட். வெவ்வேறு நாடுகளில் இருந்தவையும் சேர்ந்து விழுந்தன. கருவி சொன்னதைத்தான் செய்தது. நடந்ததைக் கண்டுபிடித்து மீட்டவர்கள், சர்வீஸ் எப்படிக் கிளம்பும், கிளம்பும்போது எதைத் தொடும் என்று அடிமட்டத்திலிருந்து தெரிந்தவர்கள்.

குறைந்துகொண்டு வருவது, வந்த எச்சரிக்கையைப் பார்த்து ரீஸ்டார்ட் பொத்தானை மட்டும் அழுத்தும் வேலை. உறவினர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன். பிளேபுக்கை இப்போது ஏஐயும் எழுதித் தருகிறது. எழுதித் தந்ததை எண்ணூறு சர்வரில் ஓட்டலாமா, முதலில் இரண்டில் ஓட்டிப் பார்க்க வேண்டுமா என்று முடிவெடுக்கிற ஆளாகத் தம்பி இரண்டு வருடத்தில் வளர வேண்டும். அப்படி வளர்கிறவர்கள்தான் டெவ்ஆப்ஸ் இன்ஜினியர், எஸ்ஆர்இ (சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியர்), பிளாட்ஃபார்ம் இன்ஜினியர் என்ற பெயர்களில் மேலே போகிறார்கள்.

செலவு செய்வதென்றால் இதற்குச் செய்யுங்கள். ரெட் ஹாட் நடத்தும் ஆர்ஹெச்சிஎஸ்ஏ (ரெட் ஹாட் சர்ட்டிஃபைடு சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்) தேர்வில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. நிஜமான மெஷினில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், ரீபூட் ஆன பிறகும் எல்லாம் நிலைத்திருந்தால்தான் மதிப்பெண். அதற்கு அடுத்தது ஆர்ஹெச்சிஇ (ரெட் ஹாட் சர்ட்டிஃபைடு இன்ஜினியர்). ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 வந்ததிலிருந்து அது முழுக்க ஆன்சிபிள் தேர்வாக மாறிவிட்டது. மேலே சொன்ன பயிற்சிகளை வீட்டில் செய்துவிட்டு ஆர்ஹெச்சிஎஸ்ஏ எழுதட்டும். ஆர்ஹெச்சிஇ வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் கழித்துப் போதும், சில நிறுவனங்கள் கட்டணத்தையும் கொடுத்துவிடுகின்றன. சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் அவசரப்பட்டு எழுதுவதில் லாபம் இல்லை.

ராத்திரி ஷிஃப்ட் உண்மைதான், முதல் ஒன்றிரண்டு வருடம் இருக்கும். சேரும் முன் ஹெச்ஆரிடம் தம்பி கேட்க வேண்டியவை: ஷிஃப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மாறும், இரவில் வண்டி உண்டா, ஷிஃப்ட் அலவன்ஸ் எவ்வளவு, அந்த டீமில் எந்த ஆட்டோமேஷன் கருவி ஓடுகிறது, பயிற்சியில் சேர்கிறவர்களுக்கு பிளேபுக் எழுத வாய்ப்பு எப்போது வரும். கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தாலும் வேலையை விட வேண்டாம், ஆனால் ஒரு வருடத்தில் டீம் மாறக் கேட்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொள்ளட்டும்.

ஆஃபர் லெட்டரில் பாண்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், எத்தனை வருடம், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்டால் காட்டிவிட்டு நகல் மட்டும் கொடுத்து வரச் சொல்லுங்கள்.