முள் நடுவுக்கு வந்துவிட்டால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி இதுதான்: காலையில் காரை எடுப்பதற்கு முன் எத்தனை நிமிடம் ஓடவிட வேண்டும், வெப்பநிலை முள் நடுவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டுமா, இன்ஜினுக்குச் சரியான சூடு எத்தனை டிகிரி. கேட்டவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: ஐந்து நிமிடம் நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டாலும் முள் அசைவதே இல்லையாம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அரை நிமிடம் போதும். ஸ்டார்ட் செய்து, சீட் பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் அது போய்விடும். அப்புறம் வண்டியை எடுத்து மெதுவாக ஓட்டுங்கள். முள்ளுக்காகக் காத்திருக்காதீர்கள், அதே சமயம் முள் நடுவுக்கு வந்தவுடன் ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதிக்கவும் செய்யாதீர்கள். முதல் பாதியை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள், இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை, இன்ஜின் தேய்வதோ அந்த இரண்டாவது பாதியில்தான்.

நானும் பல வருடம் தினமும் பத்து நிமிடம் ஓடவிட்டவன்தான். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். அவர் காலத்து வண்டியில் கார்புரேட்டர், சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடேற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் முதல் திருப்பத்திலேயே இருமி நின்றுவிடும். அவருக்கு அந்தப் பத்து நிமிடம் அவசியமாக இருந்தது. இப்போதைய வண்டியில் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்க அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்க் கலவை) எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை ஒரு சென்சார் சொல்ல, அதற்கு ஏற்றபடி கம்ப்யூட்டரே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. வண்டி நின்றுபோகும் பிரச்சினை தீர்ந்துவிட்டது, பழக்கம் மட்டும் குடும்பச் சொத்து மாதிரி எனக்கு வந்து சேர்ந்தது.

அது மாறியது எப்படி என்றால், ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டிக் கம்ப்யூட்டரின் தகவலைப் படிப்பதற்காக இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் சொருகும் ஒரு சின்ன ப்ளூடூத் கருவி வாங்கினேன். போனில் கூலண்ட் வெப்பநிலை டிகிரிக் கணக்கில் தெரியும், என் வண்டியில் அதிர்ஷ்டவசமாக ஆயில் வெப்பநிலையும் தெரிந்தது (எல்லா வண்டியிலும் ஆயிலுக்கு சென்சார் இருக்காது). ஒரு நாள் நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன், கூலண்ட் 60-ஐத் தாண்டவே திணறியது. மறுநாள் ஸ்டார்ட் செய்தவுடன் எடுத்து மெதுவாக ஓட்டினேன், ஆறு ஏழு நிமிடத்தில் கூலண்ட் 88. முள் நடுவில் ஜம்மென்று நிற்கிறது. ஆயில் எவ்வளவு தெரியுமா? 55. அது 90-ஐத் தொட இன்னும் பத்து நிமிடம் ஆனது.

எனக்கு எல்லாம் விளங்கியது அந்த 88-க்கும் 55-க்கும் நடுவில்தான். முள் காட்டுவது தண்ணீரின் சூடு. பேரிங்கையும் கேம்ஷாஃப்டையும் பிஸ்டன் ரிங்கையும் காப்பாற்றுவதோ ஆயில். தண்ணீர் சிலிண்டரைச் சுற்றியே ஓடுகிறது, தெர்மோஸ்டாட் (சூடேறினால் தானாகத் திறக்கும் வால்வு) மூடியிருக்கும்வரை ரேடியேட்டர் பக்கமே போகாது, அதனால் சட்டென்று சூடாகிறது. ஆயில் பெரும்பாலும் அடியில் ஒரு தொட்டியில் கிடக்கிறது, அந்தத் தொட்டியின் வெளிப்பக்கத்தில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அது நிதானமாகத்தான் வரும்.

ஆயில் குளிர்ந்திருந்தால் என்ன, அதுவும் ஆயில்தானே என்று கேட்கலாம். 5டபிள்யூ-30 என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, அந்த 30 என்பது 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்கான தரம். அதே ஆயில் 40 டிகிரியில் ஐந்தாறு மடங்கு கெட்டி, 0 டிகிரிக்குப் போனால் பல பத்து மடங்கு. டபிள்யூ என்பது வின்டர், அதாவது குளிரில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கான எண். அது சின்னதாக இருக்க இருக்க ஸ்டார்ட் செய்த அடுத்த நொடியில் மேலே வரை போய்ச் சேரும். கெட்டியான ஆயிலைப் பம்ப் அழுத்தித் தள்ளும்போது அழுத்தம் கூடுதலாகத் தெரியும், ஆனால் குறுகிய இடுக்குகளில் பாயும் அளவு குறைவு. ஆயிலில் கலந்திருக்கும் தேய்மானத் தடுப்புச் சரக்கும் சூடு ஏறினால்தான் முழுமூச்சாக வேலை செய்யும்.

இதோடு உலோகங்களின் விவகாரம் வேறு. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் சுவர் பெரும்பாலான இன்ஜின்களில் வார்ப்பிரும்பு. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் பிஸ்டனைக் குளிரில் கொஞ்சம் தளர்வாக இருக்கும்படிதான் செய்கிறார்கள், முழு வட்டமாகக்கூட இருக்காது, லேசான நீள்வட்டம். சூடேறிய பிறகுதான் சரியான அளவுக்கு வந்து உட்காரும். சில வண்டிகளில் காலையில் டொக் டொக் என்று ஒரு சத்தம் வந்து ஐந்து நிமிடத்தில் காணாமல் போகிறதே, பெரும்பாலும் அது பிஸ்டன் சுவரில் தட்டும் சத்தம். சூடேறியும் போகவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

சரி, அப்படியானால் நிறுத்திவைத்தே முழுசாகச் சூடாக்கிவிட்டு எடுப்பதுதானே பாதுகாப்பு? பார்க்க அப்படித்தான் தெரியும். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, எரியும் பெட்ரோல் ரொம்பக் கொஞ்சம், வரும் சூடும் கொஞ்சம். அதனால் குளிர்ந்த நிலையிலேயே நீண்ட நேரம் கிடக்கிறது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதற்காகக் கம்ப்யூட்டர் தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்றும், ஆவியாகாத மிச்சம் சிலிண்டர் சுவரில் படிந்து அங்கே இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஆயிலிலேயே போய்க் கலக்கும். எதைக் காப்பாற்ற நினைத்துக் காத்திருக்கிறோமோ அதையே கரைக்கிறோம். மெதுவாக ஓட்டினால் இந்தக் கெட்ட நேரம் பாதிக்கும் கீழே குறைகிறது.

தண்ணீர்க் கணக்கு இன்னொன்று இருக்கிறது, முதலில் கேட்டபோது நானே நம்பவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும், பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்வதால். பெரும்பகுதி நீராவியாக சைலன்சர் வழியே போய்விடும் (காலையில் சைலன்சரிலிருந்து சொட்டுகிறதே, அது இதுதான்), கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு சேரும். ஆயில் நன்றாகச் சூடானால் அதுவும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறிவிடும். சூடாகவே இல்லையென்றால் அங்கேயே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி வெளிர் மஞ்சளாகப் படிந்திருக்கும். அதைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கெட் (கூலண்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் இன்ஜின் அடைப்பு) போய்விட்டது என்று பலர் பதறுவார்கள். கூலண்ட் குறையாமல், டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் சுத்தமாக இருந்தால், அது பெரும்பாலும் தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துவதன் அடையாளம். அப்படி ஓட்டுபவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் நல்லது. ஆயிலையும் கையேட்டில் கடினப் பயன்பாடு என்று போட்டிருக்கும் கணக்குப்படி சீக்கிரமே மாற்ற வேண்டும்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? பெட்ரோல் வண்டியில் நான் 2500 ஆர்பிஎம்முக்குள் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) வைத்துக்கொள்வேன், டீசலில் 2000-ஐச் சுற்றி. ஆனால் ஆர்பிஎம்மைக் குறைக்கிறேன் என்று நாலாவது கியரில் 1200-ல் போட்டு இழுக்கவிடுவது இன்னும் மோசம். பேரிங் மேல் சுமை ஏறுகிறது, அதைத் தாங்கும் ஆயில் படலமோ குறைந்த வேகத்தில் மெலிந்து கிடக்கும். கியரைக் குறைத்து லேசாக மிதியுங்கள். முள் நடுவுக்கு வந்த பிறகு இன்னும் ஐந்து முதல் பத்து நிமிடம் இப்படியே. கியர்பாக்ஸ் ஆயிலும் அதற்குள் இளகிவிடும், காலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது அதனால்தான். இன்ஜினைச் சூடாக்குகிறேன் என்று நிறுத்தியபடியே ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவிடுவார்களே சிலர், அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

ஸ்டார்ட் செய்தவுடன் இன்ஜின் தானாகவே 1200, 1500 என்று உயர்ந்து நிற்பதைப் பார்த்து அது சூடாக்கச் சொல்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு. அதில் பெரும்பங்கு கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்காக. அது 250, 300 டிகிரியைத் தொட்டால்தான் புகையைச் சுத்தம் செய்ய ஆரம்பிக்கும், அதனால் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே தீப்பொறியைத் தாமதித்துச் சூடான புகையைத் தள்ளுகிறது. ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கியதும் எடுக்கலாம், இறங்காவிட்டாலும் எடுக்கலாம்.

இனி டிகிரிக் கணக்கு. தெர்மோஸ்டாட் பெரும்பாலான வண்டிகளில் 82 முதல் 90 வாக்கில் திறக்க ஆரம்பிக்கும். ஓட்டத்தில் கூலண்ட் 85-லிருந்து 105 வரை இருந்தால் சாதாரணம். 100-ஐத் தாண்டினால் கொதிக்காதா என்றால், மூடிய அமைப்பில் சுமார் ஒரு பார் கூடுதல் அழுத்தம் இருக்கிறது, அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120-க்குத்தான் கொதிக்கும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிப்பதும் இதனால்தான், அழுத்தம் போனதும் மொத்தமும் ஒரே நொடியில் கொதித்துவிடும். ஆயில் 90 முதல் 110 இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

டேஷ்போர்டு முள்ளையும் ரொம்ப நம்ப வேண்டாம். பல வண்டிகளில் கூலண்ட் 75 ஆனாலும் 105 ஆனாலும் முள் அதே நடுக்கோட்டில் நிற்கும்படி வைத்திருக்கிறார்கள், முள் ஆடினால் வாடிக்கையாளர் சர்வீஸ் சென்டருக்கு ஓடிவருகிறார் என்பதால். முள்ளே இல்லாத சின்ன வண்டிகளில் ஒரு நீல விளக்கு எரியும். அது 50, 60 டிகிரியிலேயே அணைந்துவிடும். நீலம் அணைந்தால் இன்ஜின் தயார் என்று அர்த்தமில்லை, உறைகுளிரிலிருந்து வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

டர்போ வண்டிக்கும் இதே விதிதான், இன்னும் கறாராக. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். விரட்டி ஓட்டிவிட்டு வந்தால் அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். டீசல் இயல்பாகவே கஞ்சத்தனமாக எரிவதால் ஐடிலில் சூடாவதே அபூர்வம், காத்திருப்பது சுத்த வீண். மைனஸ் 20 போன்ற கடுங்குளிரில் மட்டும் இரண்டு மூன்று நிமிடம் விடலாம், கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டும் நேரம். மூடிய ஷெட்டுக்குள் ஒரு நிமிடம்கூட வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, அறிகுறியும் சட்டென்று தெரியாது.

கேட்டவர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஐடிலில் ஐந்து நிமிடத்தில் முள் அசையாதது சகஜம். ஆனால் ஓட்டும்போதும் கால் மணி நேரம் ஆகியும் நடுவுக்கு வரவில்லை, அல்லது நகரத்துக்குள் நடுவில் நின்றுவிட்டு நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் கீழே இறங்குகிறது என்றால், தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். என் பழைய வண்டி ஒருமுறை சூடாகி நின்றபோது ஒரு மெக்கானிக் அதைக் கழற்றி என் கையிலேயே கொடுத்து, "இது இல்லாமலே ஓடும் சார், இனிமே சூடே ஆகாது" என்றார். உண்மையிலேயே ஆகவில்லை. ஒரு வருடம் கூலண்ட் 60, 65-லேயே கிடந்தது, மைலேஜ் இறங்கியது, ஆயில் மூடியில் அந்த வெண்ணெய், ஹீட்டரில் வெதுவெதுப்புக்கு மேல் வராது. இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. முதலில் சூடானதற்குக் காரணம் ஓடாத ஃபேன், அது தனிக்கதை.

சோதிப்பது சுலபம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். பல நிமிடம் சில்லென்று இருந்துவிட்டுத் திடீரென்று சுட ஆரம்பித்தால் தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருக்கிறது. முதல் நிமிடத்திலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடேறினால் அது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது உங்களுக்கும் யாரோ கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் கீழ்க் குழாய்ப் பக்கம் இருக்கும், அங்கே இந்தச் சோதனையைக் கீழ்க் குழாயில் செய்ய வேண்டும். ஃபேன் எந்த நொடியிலும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், விரலைத் தள்ளியே வையுங்கள்.