கண்ணுக்குத் தெரிந்த கோடு படத்தில் ஏன் தொலைகிறது?

கேள்வி: படிக்கட்டு, கம்பி வேலி, ஜன்னல் நிழல் போன்றவற்றைச் செல்பேசியில் படமெடுத்து வருகிறேன். நேரில் அழுத்தமாகத் தெரியும் கோடுகளும் வரிசைகளும் படத்தில் வெறும் நெரிசலாகிவிடுகின்றன. நல்ல லென்ஸுடன் கேமரா வாங்கினால் இது சரியாகுமா?

பதில்: செலவு செய்வதற்கு முன் ஒளியளவையும் நிற்கும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். நேரில் பார்க்கும்போது நம் கவனம் வேலியின் கம்பிகளை மட்டும் பொறுக்கிக்கொள்கிறது. இரு கண்களால் கிடைக்கும் ஆழ உணர்வும் கம்பியைப் பின்னாலுள்ள செடியிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. தட்டையான படத்தில் இந்த இரண்டு உதவியும் இல்லாததால், கம்பிக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்சத்திலோ நிறத்திலோ தெளிவான வேறுபாடு இருந்தால்தான் அது கோடாக நிற்கும். கறுப்புக் கம்பிக்குப் பின்னால் அடர்ந்த இலைகள் இருந்தால், சற்றுக் குனிந்து வானம் பின்னணியாக வரும்படி எடுங்கள். கண்களைப் பாதி மூடிப் பார்க்கும் ஓவியர்களின் பழைய வழக்கம் இங்கே மிகவும் பயன்படும். நுணுக்கங்கள் மறைந்து, வெளிர்ப்பகுதியும் இருள்பகுதியும் மட்டும் மிஞ்சும். அந்நிலையிலும் வடிவம் தெரிந்தால் படமெடுக்கலாம்.

செல்பேசி வேறொரு சிக்கலையும் சேர்க்கிறது. அதன் மென்பொருள் வெவ்வேறு ஒளியளவில் எடுத்த பல படங்களை இணைத்து (இதுவே எச்.டி.ஆர்.), நிழலை வெளுக்கச் செய்து, மிகுவெளிச்சத்தை அடக்குகிறது. முகங்களைப் படமெடுக்க இது நல்லது. கோடுகளுக்கோ இதுவே பகை. எச்.டி.ஆர். வசதியை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு, திரையில் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, நிழல் ஏறக்குறைய முழுக் கறுப்பாகும் வரை ஒளியளவைக் குறையுங்கள். கேமராவில் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும்) குறைத்தால் பெரும்பாலும் போதும். நிழலுக்குள் விவரம் போய்விடுமே என்று பலர் தயங்குகிறார்கள். இவ்வகைப் படத்தில் அது போவதே நல்லது என்பது என் கருத்து.

நிழலின் நீளம் சூரியனின் உயரத்தைப் பொறுத்தது. சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது ஒரு கம்பத்தின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாக இருக்கும். 20 பாகைக்கு இறங்கினால் நிழல் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு நீளும். படிக்கட்டில் ஒளி வரும் திசை அதைவிட முக்கியம். உங்களுக்குப் பின்னாலிருந்து வெயில் விழுந்தால் மிதிபலகையும் செங்குத்துப் பகுதியும் ஒருசேர வெளுத்துவிடும். எதிர்ப்புறத்திலிருந்து விழும்போது மிதிபலகை ஒளிர, செங்குத்துப் பகுதி இருண்டு, பட்டை பட்டையாகக் கோடுகள் எழும்.

நிற்கும் இடத்தைப் பொறுத்தவரை அரைகுறைக் கோணமே பெரும்பாலான படங்களைக் கெடுக்கிறது. ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் சுவரை எடுக்கும்போது கேமராவைச் சுவருக்கு இணையாகப் பிடியுங்கள். ஒரு பாகை சாய்ந்தாலும் அது தவறாகவே தெரியும். சாய்க்க விரும்பினால் துணிந்து சாய்க்க வேண்டும். ரஷ்யப் புகைப்படக் கலைஞர் அலெக்சாண்டர் ரோட்சென்கோ 1925-இல் மாஸ்கோவில் ஒரு குடியிருப்பின் பால்கனிகளைச் சுவரடியிலிருந்து செங்குத்தாக அண்ணாந்து எடுத்தபோது, சாதாரணக் கட்டடம் கூரிய விளிம்புகளின் அடுக்காக மாறியது.

வரிசை சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் தாண்டிப் போகும்படி வெட்டுங்கள். அதன் முடிவு தெரிந்தால் பார்வைக்கு அது ஒரு ஜன்னல் வரிசை மட்டுமே. தெரியாவிட்டால் எல்லையற்றதாகத் தோன்றும். மூடிய ஜன்னல்களுக்கு நடுவே திறந்த ஒன்று போன்ற சிறு முறிவு படத்துக்கு உயிர் தரும் என்றாலும், படியில் ஒருவர் நடந்து வரக் காத்திருப்பது சலித்துப்போன உத்தி.

நுண்ணிய வலைகளில் அலை அலையாக விசித்திரக் கோலம் தோன்றினால் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்குங்கள். மறைந்துவிட்டால் அது திரையின் விளைவு. மறையாவிட்டால் சற்று விலகி நின்று மீண்டும் எடுக்க வேண்டும்.

லென்ஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொலைவிலுள்ள கூரைகளையோ மாடிகளையோ ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் நெருக்கிக் காட்ட, தள்ளி நின்று 2 அல்லது 3 மடங்கு டெலிஃபோட்டோவில் (தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸில்) எடுப்பது உதவும். உங்கள் செல்பேசியில் அதற்கெனத் தனி லென்ஸ் இல்லை, இத்தகைய காட்சிகளே உங்களை அதிகம் ஈர்க்கின்றன என்றால் மட்டும் புதிய கேமராவை யோசியுங்கள்.