கொதித்தாறின தண்ணீரும் ஆசனிக்கும்

ஒரு வாசகியின் கடிதம்: "தெஹிவளையில், அத்திடிய பக்கம் நிரப்பின காணியில் வீடு கட்டிக் குடிவந்து ஐந்து மாதம். பழைய திறந்த கிணற்றை மூடிவிட்டு 60 அடிக்குக் குழாய்க் கிணறு அடித்தோம். மோட்டரைப் போட்டதும் தண்ணீர் பளிங்கு மாதிரி வருகிறது. வாளியில் ஒரு மணித்தியாலம் வைத்தால் செம்மஞ்சளாகி அடியில் மண்டி படிகிறது. சில நாளில் கூழ்முட்டை மணமும் உண்டு. கொதித்தாற வைத்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். டாக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவர், 'அங்கே இப்படிச் சிவக்கிற கிணறுகளில்தான் ஆசனிக் இருக்கிறதாம், குடிக்காதே' என்கிறார். பழைய கிணற்றில் இந்தக் குறை இருக்கவில்லை. அவர் சொல்வது சரியா?"

சகோதரி, செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் நீர்ச்சபைக் குழாய்த் தண்ணீரை மட்டும் எடுங்கள். கிணற்றுத் தண்ணீர் குளிக்க, துவைக்க இருக்கட்டும். தோல் வழியாக ஆசனிக் உடம்புக்குள் போவது மிகக் குறைவு. கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும், ஆசனிக்கை ஒன்றும் செய்யாது. தண்ணீர் ஆவியாகப் போக, ஆசனிக் கேத்தலிலேயே தங்குவதால் மிச்சத் தண்ணீரில் அதன் அளவு சற்றுக் கூடவே செய்யும். உங்கள் கிணற்றில் ஆசனிக் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நிறம், மணம், சுவை எதுவும் இல்லாத நஞ்சு அது, சோதித்தால்தான் தெரியும். ஆனால் நீங்கள் எழுதிய அடையாளங்கள் கட்டாயம் சோதிக்க வேண்டிய அடையாளங்கள்.

வாளியில் நீங்கள் காணும் சிவப்பு இரும்பு. நிலத்துக்கடியில் ஒட்சிசன் இல்லாத இடத்தில் இரும்பு தண்ணீரில் நிறமில்லாமல் கரைந்து கிடக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாகிறது. துருவுக்கும் ஆசனிக்குக்கும் உள்ள உறவில்தான் உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் இருக்கிறது.

ஆற்று மணலை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மணிகளின் மேல் மெல்லிய பழுப்புப் பூச்சு தெரியும். அது துரு. தண்ணீரில் வரும் ஆசனிக்கை அந்தப் பூச்சு பிடித்து வைத்துக்கொள்ளும். மஞ்சள் பிடித்த துணியை எத்தனை முறை அலசினாலும் மஞ்சள் போகாது, துணியே கரைந்தால் மட்டும்தான் போகும். மண்ணுக்கடியில் நடப்பது அதுதான், துணியே கரைகிறது. இலை, வேர், சேறு புதைந்து மக்கிய இடத்தில் பற்றீரியாக்கள் அந்த மக்கலைத் தின்று ஒட்சிசனைத் தீர்த்துவிடும். பிறகு, நாம் ஒட்சிசனை மூச்சில் இழுப்பதுபோல, அவை துருவைப் பயன்படுத்தத் தொடங்கும். துரு கரையும், அதைப் பற்றியிருந்த ஆசனிக்கும் தண்ணீருக்கு வந்துவிடும். அதோடு ஆசனிக்கின் வடிவமும் மாறுகிறது. ஒட்சிசன் உள்ள நீரில் அது எதிர்மின்னேற்றம் கொண்ட ஆசனேற்று. மண் அதை இலகுவில் பிடிக்கும். ஒட்சிசன் இல்லாத நீரில் மின்னேற்றமே இல்லாத ஆசனைற்று. அதைவிட இலகுவில் நழுவிப் போகும்.

பங்களாதேஷில் நடந்தது இது. வயிற்றோட்டம் வராமல் இருக்க, குளத்துத் தண்ணீருக்குப் பதிலாக 1970களிலிருந்து இலட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் அடித்தார்கள். 1993 இல் அங்கே ஆசனிக் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு சுமார் 47 இலட்சம் கிணறுகளைச் சோதித்து, பாதுகாப்பானதற்குப் பச்சை, ஆபத்தானதற்குச் சிவப்பு என்று பூசினார்கள். 14 இலட்சம் சிவப்பாயின. யாரும் விஷம் கொட்டவில்லை. இமயமலையிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து போட்ட சாதாரண மணல்தான். அதில் ஆசனிக் அதிகம் என்றுகூடச் சொல்ல முடியாது.

இதை நம்பக் கஷ்டமாயிருந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ மணலில் 5 மில்லிகிராம் ஆசனிக் இருக்கிறது என்று வைப்போம். இது உலகெங்கும் காணும் சாதாரண அளவு. நிலத்துக்கடியில் ஒரு லீற்றர் தண்ணீரைச் சுற்றி ஏறத்தாழ 6 கிலோ மணல் இருக்கும். ஆக 30 மில்லிகிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு கரைந்தாலே லீற்றருக்கு 300 மைக்கிரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு 10. முப்பது மடங்கு! மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, துரு அதை விடுகிறதா பிடிக்கிறதா என்பதே முக்கியம்.

இனி உங்கள் இரண்டு கிணறுகள். பழையது வாய் அகன்ற கிணறு. காற்றுப் படும், மழைநீர் ஊறும், கரைந்து வரும் இரும்பு அங்கேயே துருவாகிப் படிந்துவிடும். கொழும்பின் மேட்டு நிலங்களில் உள்ள கபுக் கல்லே இரும்புத் துரு நிறைந்த கல்தான். பெல்லன்வில - அத்திடிய சதுப்பு ஓரத்தில் கதை வேறு; நிரப்பின மண்ணுக்குக் கீழே மக்கிய கரி மண் கிடக்கலாம், உங்கள் குழாய் அதைத் துளைத்துக்கொண்டு போயிருக்கலாம். தண்ணீர் சிவப்பதும் மணப்பதும் கீழே ஒட்சிசன் இல்லை என்பதற்குச் சாட்சி. ஆசனிக்குக்குச் சாட்சி அல்ல. கூழ்முட்டை மணம் தரும் சல்பைட்டு சில இடங்களில் ஆசனிக்கைப் பிடித்துப் படியவைத்தும் விடும். அதனால் மணத்தை வைத்து எந்தப் பக்கமும் முடிவெடுக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக் கிணறு நல்லது என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். சில பத்து மீற்றருக்குள் அளவு தலைகீழாக மாறும். ஆசனிக் தண்ணீரோடு ஒரே வேகத்தில் ஓடுவதும் இல்லை. போகிற வழியில் பழுப்பு மணல் இருந்தால் ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். வியட்நாமின் தலைநகர் ஹனோய் அருகே வான் புக் என்ற கிராமத்தில் செய்து 2013 இல் வெளியான ஆய்வு, தண்ணீரைவிட 16 முதல் 20 மடங்கு மெதுவாக அது நகர்ந்ததைக் காட்டியது. ஹனோய் நகரம் தன் தேவைக்கு இறைத்து இழுத்த தண்ணீரோடு ஆசனிக் நல்ல மணலுக்குள்ளும் நுழைந்திருந்தது. கிணறு அடித்தவரை அழைத்து, எந்த ஆழத்தில் எந்த நிறத்தில் மண் வந்தது என்று கேளுங்கள். பழுப்பு மணல் நல்ல சகுனம். சாம்பல் நிற மணலும் கறுத்த சேறும் எச்சரிக்கை.

(மன்னாரில் சொந்தம் உள்ளவர்களும் கவனியுங்கள். மன்னார்த் தீவின் மணற்பாங்கான நிலத்தடி நீரில் 10 ஐத் தாண்டிய ஆசனிக் பதிவாகியிருக்கிறது. அங்கேயும் கிணற்றுக்குக் கிணறு அளவு மாறும்.)

சோதனைக்கு மாதிரி எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வெறும் சோடாப் போத்தலில் பிடித்து இரண்டு நாள் கழித்துக் கொண்டுபோனால், இரும்பு துருவாகி ஆசனிக்கையும் இழுத்துக்கொண்டு அடியில் படிந்திருக்கும். மேலே உள்ள தெளிந்த நீரைச் சோதித்து 'இல்லை' என்று அறிக்கை தருவார்கள், நீங்களும் நிம்மதியாகக் குடிப்பீர்கள். ஆகவே ஆய்வுகூடத்திலேயே அமிலம் இட்ட போத்தல் கேட்டு வாங்குங்கள். கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடத்தில் விசாரிக்கலாம். மேல் தாங்கியிலிருந்து எடுக்காமல், மோட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாய் வாயிலேயே, நீர் தெளிவாக இருக்கும்போதே பிடியுங்கள். மொத்த ஆசனிக், இரும்பு, மங்கனீசு மூன்றையும் கேளுங்கள். அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்றிருந்தால், அவர்களது கருவி காணக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன என்று கேளுங்கள். அது 50 மைக்கிரோகிராம் என்றால் அந்த அறிக்கையால் பயனில்லை. அலகையும் பாருங்கள்: 0.01 மில்லிகிராமும் 10 மைக்கிரோகிராமும் ஒன்றே.

வடிகட்டி இப்போது வாங்காதீர்கள். கரி வடிகட்டி இதற்கு உதவாது. தண்ணீரை அழுத்தி மெல்லிய சவ்வு வழியாக வடிக்கும் ஆர்ஓ (RO) இயந்திரம் ஆசனேற்றை நன்றாகத் தடுக்கும். உங்கள் கிணறு போன்ற ஒட்சிசன் இல்லாத நீரில் அதிகம் இருக்கக்கூடிய ஆசனைற்றை அவ்வளவாகத் தடுக்காது. முதலில் குளோரின் இட்டு வடிவத்தை மாற்ற வேண்டும். விற்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. காற்றூட்டி, துருவைப் படியவிட்டு, மணலில் வடிப்பதும் ஓரளவு பிடிக்கும். எவ்வளவு என்பது இரும்பின் அளவையும், துருவில் இடம்பிடிக்கப் போட்டிபோடும் பொஸ்பேட்டையும் பொறுத்தது. வாளி அடியில் படியும் மண்டியைச் சதுப்பிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். அந்தச் சேற்றில் ஒட்சிசன் கிடையாது, துரு மறுபடி கரைந்துவிடும்.

ஐந்து மாதம் குடித்ததை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆசனிக்கின் தோல் புள்ளிகளும், உள்ளங்கை உள்ளங்கால் தடிப்பும், புற்றுநோய்களும் பெரும்பாலும் பல வருடம் தொடர்ந்து குடித்தவர்களுக்கு வருபவை. அளவு கூடுதலாக வந்தால் பிள்ளைகளை வைத்தியரிடம் காட்டி, அறிக்கையையும் கையோடு கொடுங்கள். முடிவு கிடைத்ததும் மூன்று எண்களையும், கிணறு அடித்தவர் சொன்ன மண் நிறத்தையும் எனக்கு எழுதுங்கள். எந்த வடிகட்டி என்பதை அப்போது பார்ப்போம்.