வான்சாகசம் பழக ஏற்ற ரிமோட் விமானம் எது?

கேள்வி: மேல் இறக்கைப் பயிற்சி விமானம் ஒன்றை ஓராண்டாக ஓட்டிவருகிறேன். பிறர் துணையின்றி ஏற்றி இறக்க முடிகிறது. அடுத்ததாக லூப் (செங்குத்தாக வட்டமடித்தல்), ரோல் (பறந்தபடியே பக்கவாட்டில் முழுதாக உருளல்), தலைகீழாகப் பறத்தல் ஆகியவற்றைப் பழக விரும்புகிறேன். கடைக்காரர், காற்றில் நின்றபடி தொங்குவது போன்ற அதீத சாகசங்களுக்கான த்ரீடி விமானம் ஒன்றைப் பரிந்துரைக்கிறார். எனக்கோ இரண்டாம் உலகப் போர்க்காலப் போர் விமானமான பி-51 மஸ்டாங்கின் மாடல் மீது ஆசை. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். ஐலரான் (பக்கவாட்டில் உருட்டுவது), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குவது), ரடர் (மூக்கை இடம் வலமாகத் திருப்புவது), திராட்டில் (மோட்டார் வேகம்) என நான்கு கட்டுப்பாடுகளும் கொண்ட, சமச்சீரான இறக்கையுடைய ஸ்போர்ட் வகை விமானமே உங்களுக்கு ஏற்றது.

உங்கள் பயிற்சி விமானத்தின் இறக்கைகள் நுனியை நோக்கிச் சற்றே உயர்ந்திருக்கும். ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டதும் விமானம் நிமிர்ந்துகொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கற்கும்போது கைகொடுத்த அந்தக் குணமே ரோலின்போது குறுக்கே நிற்கிறது. தலைகீழானதும் விமானம் மீண்டும் நிமிரவே முயலும். அத்துடன் இறக்கையின் அடிப்புறம் தட்டையாக இருந்தால், மூக்கு தரையை நோக்கிச் சாயாதிருக்க எலிவேட்டர் ஸ்டிக்கை வெகுவாக முன்னே தள்ளிப் பிடித்திருக்க வேண்டும்.

ஆகவே கடையில் விமானத்தைக் கையில் எடுத்து, இறக்கையின் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மேல்வளைவும் கீழ்வளைவும் ஒத்திருந்தால் அது நிமிர்ந்தும் கவிழ்ந்தும் ஏறக்குறைய ஒன்றுபோலப் பறக்கும். இறக்கை உடலின் நடுவிலோ அடியிலோ இருப்பது நல்லது என்றாலும், அதைவிட இந்த வளைவே முக்கியம். 1960களில் அமெரிக்கரான ஃபில் கிராஃப்ட் வடிவமைத்த ‘அக்லி ஸ்டிக்’ விமானத்தில் இறக்கை பெட்டி போன்ற உடலின் மேலேதான் இருக்கும். ஆனால் அது நுனி உயராத, சமச்சீரான இறக்கை என்பதால் சாகசத்துக்கு அருமையாக இணங்கும். பார்வைக்கு அவலட்சணமான அதன் வழிவந்த மாடல் ஏதேனும் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

த்ரீடி விமானத்தின் அசையும் பரப்புகள் மிகப் பெரியவை. 40 பாகைக்கு மேலும் திரும்பக்கூடியவை. அசைவைக் குறைத்து அமைத்தால் சாதுவாகப் பறக்கும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும், அது பொய்யல்ல. ஆயினும் எடை குறைந்த அந்த உடல் காற்றில் அலைபாயும்போது, கோடு விலகியது உங்கள் கையாலா, காற்றாலா என்பது புரியாமல் போகும். மஸ்டாங்கின் சிக்கல் வேறு. நுனி நோக்கிக் குறுகும் இறக்கை, பரப்புக்கு மிஞ்சிய எடை இரண்டும் சேர்வதால், வேகம் குறைந்த நேரத்தில் எலிவேட்டரைச் சற்று அதிகமாக இழுத்தாலும் ஒரு பக்க இறக்கை திடீரெனச் சரியும். லூப்பின் உச்சியிலும் தரையிறங்கும்போதும் இது நேரக்கூடும்.

அளவைப் பொறுத்தவரை, 1.2 முதல் 1.4 மீட்டர் வரை இறக்கை நீளமுள்ள ஃபோம் மாடல் போதும். கிலோவுக்குச் சுமார் 250 முதல் 330 வாட் வரை மோட்டார் திறன் இருந்தால் லூப் பாதியில் தொய்யாது. கைரோ (விமானத்தின் ஆட்டத்தை உணர்ந்து தானே திருத்தும் கருவி) பொருத்திய மாடலாயின், தானே நிமிர்த்தும் வசதியை அணைக்க முடியுமா என்று பாருங்கள். அது இயங்கும்வரை ரோல் செய்ய விடாது.

வாங்கியபின் ஈர்ப்பு மையத்தைக் கையேடு கூறும் எல்லைக்குள் முன்பக்கமாக வைத்துத் தொடங்குங்கள். பழகியதும், போதிய உயரத்தில் 45 பாகைச் சரிவில் ஏற்றி, கவிழ்த்து, எலிவேட்டரை விட்டுப் பாருங்கள். சட்டெனத் தரைப்பக்கம் வளைந்தால் மூக்குக் கனம். பேட்டரியைச் சிறிது பின்னுக்கு நகர்த்துங்கள். வான்பக்கம் வளைந்தால் வால் கனம்; உடனே முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஐலரானுக்கும் எலிவேட்டருக்கும் ரிமோட்டில் 25 முதல் 30 விழுக்காடு எக்ஸ்போ (நடுநிலை அருகே ஸ்டிக்கின் சிறு அசைவுகளை மென்மையாக்கும் அமைப்பு) வைத்தால் விரல் நடுக்கம் விமானத்தில் தெரியாது.

பணம் கொடுக்குமுன், அந்த மாடலுக்கான உதிரி இறக்கையும் புரொப்பல்லரும் அதே கடையில் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காதெனில், அது எவ்வளவு நல்ல மாடலாயினும் வேறொன்றைப் பாருங்கள்.