புது மெட்டல் டிடெக்டர் வாங்கினேன், ஆன் பண்ணா கத்திக்கிட்டே இருக்கு, தோண்டினா ஒண்ணும் இல்ல. எப்படி கத்துக்கறது?

மெஷின் கெட்டுப்போயிருக்கும்னு பயப்படாதீங்க. ஒரே இடத்துல திரையில ஒரு தடவ 40ன்னு நம்பர் காட்டுது, அடுத்த தடவ 70 காட்டுது, தோண்டினா வெறும் மண்ணுதான் வருதுன்னு எழுதியிருக்கீங்க, முதல் வாரம் எனக்கும் இதேதான் நடந்துச்சு. வாங்கின அன்னைக்கே பாக்ஸை பிரிச்சு நேரா வெளிய எடுத்துட்டு போயிட்டேன், அதுதான் நான் பண்ண தப்பு. மெஷின் ஏதோ பேசுது, அந்த பாஷை எனக்கு ஒரு எழுத்துகூட தெரியல, அப்புறம் எப்படி புரியும்?

அதனால முதல் ரெண்டு மூணு நாள் எங்கயும் போகாதீங்க. உலோகம் இல்லாத ஒரு மரமேசையோ பிளாஸ்டிக் ஸ்டூலோ எடுத்து வெட்டவெளியில போட்டு, அது மேல காயிலை, அதாவது மெஷினோட அடியில தட்டு மாதிரி இருக்கற பாகத்தை, அசையாம வைங்க. வீட்டுக்குள்ள வேணாம், தரை கான்கிரீட்ல கம்பி இருக்கும், சுவத்துல வயர் ஓடும், ரெண்டும் சேர்ந்து குழப்பும். கையில இருக்கற மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டிடுங்க, போனையும் தள்ளி வைங்க. அப்புறம் ஒவ்வொரு பொருளா காயிலுக்கு முன்னால அரை சாண் தூரத்துல இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டுங்க: விதவிதமான காசு, ஒரு ஆணி, சோடா பாட்டில் மூடி, கசக்கின அலுமினிய ஃபாயில், கூல்டிரிங்ஸ் கேன்ல இழுத்து திறக்கற அந்த வளையம், சாவி, முடிஞ்சா ஒரு தங்க மோதிரம், ஒரு வெள்ளி சாமான். என்ன நம்பர் வருது, சத்தம் எப்படி இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. அடுத்த நாள் வீட்ல யாரையாவது ஆட்டச் சொல்லிட்டு நீங்க கண்ணை மூடிக்கிட்டு சத்தத்தை மட்டும் வெச்சு என்ன பொருள்னு சொல்லிப் பாருங்க. நான் ரெண்டு நாள் இதை மட்டுமே பண்ணேன், இன்னைக்கு வரைக்கும் அதுதான் கைகொடுக்குது.

சுத்தி இருக்கற உலோகத்தைப் பத்தி ஏன் இவ்வளவு சொல்றேன்னா, அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1881ல அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை சுட்டுட்டாங்க, குண்டு உடம்புக்குள்ள எங்க இருக்குன்னு தெரியல. டெலிபோன் கண்டுபிடிச்ச கிரகாம் பெல் இந்த மாதிரி ஒரு கருவிய செஞ்சு எடுத்துட்டு வந்தாரு. ஆனா படுக்கைக்குள்ள எஃகு கம்பி இருந்து சிக்னலை குழப்பிடுச்சு, போதாக்குறைக்கு டாக்டர் உடம்போட வலது பக்கம் மட்டும்தான் தேட விட்டாரு, குண்டு இருந்தது இடது பக்கம். கருவி நல்ல கருவிதான், வேற ஆளுங்ககிட்ட சோதிச்சப்போ சரியாவே காட்டியிருக்கு. பூட்ஸ் முனையில இரும்பு இருந்தாலோ மண்வெட்டிய காயில் பக்கத்துல வெச்சுக்கிட்டு நடந்தாலோ உங்களுக்கும் இதே கதிதான்.

மெஷின் என்ன பண்ணுதுன்னு கொஞ்சமாவது தெரிஞ்சா அந்த நம்பர் மேல இருக்கற கோபம் போயிடும். காயில்ல ஒரு சுருள் மாறிக்கிட்டே இருக்கற காந்தப்புலத்தை மண்ணுக்குள்ள அனுப்புது. அங்க உலோகம் இருந்தா அதுக்குள்ள சுழல் மின்னோட்டம் உண்டாகும், அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு குட்டி காந்தப்புலத்தை திருப்பி அனுப்பும், அதை இன்னொரு சுருள் வாங்கும். திரும்பி வர்ற அலை எவ்வளவு பின்தங்கி வருதுங்கறதை வெச்சுதான் நம்பர் போடுது. வெள்ளி, செம்பு மாதிரி மின்சாரம் நல்லா கடத்துற உலோகம்னா நம்பர் மேல போகும், மெல்லிசான ஃபாயில்னா கீழ நிக்கும், சின்ன இரும்பு பெரும்பாலும் எல்லாத்துக்கும் அடியில. ஆனா உலோகம் எதுங்கறது மட்டும் இல்ல, பொருளோட அளவு, தடிமன், மண்ணுக்குள்ள அது எப்படி சாஞ்சு கிடக்குது எல்லாமே சேர்ந்துதான் அந்த நம்பர். அதனாலதான் நசுங்கின அலுமினிய கேன் வெள்ளி மாதிரி காட்டும், கேன் வளையமும் தங்க மோதிரமும் ஒரே நம்பர்ல வந்து நிக்கும்.

இப்ப டிஸ்கிரிமினேஷன், அதாவது சில நம்பருக்கு மெஷின் சத்தம் போடாம மறைக்கற செட்டிங், அந்த விஷயத்துக்கு வரேன், இதுல நான் ரொம்ப பிடிவாதமான ஆளு. புதுசா வர்றவங்க எல்லாரும் குப்பை வேணாம்னு அந்த செட்டிங்கை ஏத்தி வெச்சிடுவாங்க, கேன் வளையத்தை மறைச்சா கூடவே தங்க மோதிரமும் மறைஞ்சிடும். அதைவிட முக்கியமா, நீங்க எதையுமே கத்துக்க மாட்டீங்க. முதல் 20, 30 மணி நேரம் எதையும் மறைக்காம எல்லா சிக்னலையும் தோண்டுங்க, ஆணியா இருந்தாலும் சரி. ஒவ்வொரு தடவையும் தோண்டறதுக்கு முன்னாடி 'இது இன்னது, இவ்வளவு ஆழத்துல இருக்கு'ன்னு வாய்விட்டு சொல்லிட்டு தோண்டுங்க, தப்பா போனா பரவாயில்ல, காது அப்படித்தான் பழகும்.

சும்மா கத்தறதுக்கு முக்கால்வாசி காரணம் சென்சிட்டிவிட்டி, அதாவது எவ்வளவு மெல்லிசான சிக்னலை மெஷின் பிடிக்கணும்ங்கற செட்டிங். அதிகமா வெச்சா அதிக ஆழம்னு நினைச்சு முழுசா ஏத்திடறோம், அப்போ மேல போற கரண்ட் லைன், பக்கத்துல இருக்கற மோட்டார், போன், மண்ணுல இருக்கற இரும்புத் தாது எல்லாமே சத்தமா வரும். காயிலை அசைக்காம பிடிச்சும் கத்துச்சுன்னா அது பெரும்பாலும் கரண்ட் தொல்லை, அமைதியாகற வரைக்கும் சென்சிட்டிவிட்டிய குறைங்க. அசைக்கும்போது மட்டும் எல்லா பக்கமும் கத்துச்சுன்னா மண்ணு, அதுக்கு கிரவுண்ட் பேலன்ஸ் பண்ணணும், அதாவது உலோகம் இல்லாத ஒரு இடமா பார்த்து காயிலை தரைக்கு கிட்ட கொண்டுபோய் மேல தூக்கி திரும்ப இறக்கி, இப்படி பம்ப் அடிக்கற மாதிரி, மண்ணோட சத்தம் ஏறி இறங்காம ஒரே மாதிரி ஆகற வரைக்கும் பண்ணணும். நிறைய மெஷின்ல ஒரு பட்டனை பிடிச்சுக்கிட்டு பண்ணா அதுவே செட் ஆயிடும். இடம் மாறினா திரும்ப பண்ணுங்க. கடற்கரை ஈர மணல் தனி விவகாரம், உப்புத்தண்ணியே கரண்ட் கடத்தும்ங்கறதால ஒரே ஃப்ரீக்வென்ஸியில ஓடற மெஷின் அங்க திணறும், ஆரம்பத்துல காஞ்ச மணல்லயே பழகுங்க.

காயிலை வீசறது. இதை யாரும் பெருசா சொல்றதில்ல, எனக்கு இதுலதான் பாதி வெற்றின்னு தோணுது. தோள்ல இருந்து வீசினா ரெண்டு ஓரத்துலயும் காயில் ஊஞ்சல் மாதிரி மேல தூக்கிடும், தூக்கினா போச்சு, ஏன்னா காயிலை விட்டு நல்லா தள்ளி இருக்கற ஒரு சின்ன பொருளுக்கு தூரம் ரெண்டு மடங்கானா திரும்பி வர்ற சிக்னல் கிட்டத்தட்ட 64 மடங்கு குறையும். அதனால தரையில இருந்து ரெண்டு மூணு செ.மீ. மேல, கடைசி வரைக்கும் அதே மட்டத்துல, மெதுவா, ஒரு வீச்சு முடிஞ்சு அடுத்தது முந்தினதுல பாதி மேல விழற மாதிரி நகருங்க. ஒரு மைதானம் முழுக்க வேகமா சுத்தறதை விட ஒரு பத்தடி சதுரத்தை ஒழுங்கா பார்க்கறது மேல். காசு அளவு பொருளை சாதாரண காயில் 15, 20 செ.மீ. வரைக்கும் பிடிச்சாலே நல்ல விஷயம், விளம்பரத்துல வர்ற மீட்டர் கணக்கெல்லாம் பெரிய பெரிய இரும்புக்கு.

சிக்னல் வந்ததும் உடனே குனியாதீங்க. அதே இடத்துல காயிலை சின்னதா முன்னயும் பின்னயும் ஆட்டுங்க, அப்புறம் நீங்க 90 டிகிரி சுத்தி வந்து இன்னொரு பக்கத்துல இருந்து ஆட்டுங்க. காசு மாதிரி வட்டமான பொருள் ரெண்டு பக்கத்துல இருந்தும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப சொல்லும், நம்பரும் ஒண்ணு ரெண்டு ஏறி இறங்கும் அவ்வளவுதான். ஆணி ஒரு பக்கத்துல இருந்து அருமையா பாடும், சுத்தி வந்தா உடைஞ்சு போகும், இல்ல காணாமலே போயிடும். நீங்க சொன்ன 40, 70 பெரும்பாலும் துருப்பிடிச்ச இரும்பாவோ பக்கத்து பக்கத்துல கிடக்கற ரெண்டு பொருளாவோதான் இருக்கும். ரெண்டு திசையிலயும் எங்க சத்தம் உச்சமோ அந்த ரெண்டு கோடும் வெட்டற இடம்தான் பொருள் இருக்கற இடம், தோண்டினா ஒண்ணும் கிடைக்கலன்னா பாதி நேரம் குழி பத்து செ.மீ. தள்ளி விழுந்திருக்கும். கையில பிடிக்கற பின்பாயிண்டர், அதாவது குழிக்குள்ள விட்டு பொருள் எங்க இருக்குன்னு பார்க்கற குட்டி டிடெக்டர், ஒண்ணு வாங்கிடுங்க, பெரிய காயில் வாங்கறதுக்கு முன்னாடி அதை வாங்குங்க. தோண்டின மண்ணையும் காயிலுக்கு காட்டிப் பாருங்க, சில சமயம் பொருள் அந்த மண்ணோட வெளிய வந்துட்டிருக்கும், நாம குழிக்குள்ளயே துழாவிக்கிட்டு இருப்போம்.

ஹெட்போன் போட்டுக்கங்க, ஆழத்துல இருக்கற பொருளோட சத்தம் அவ்வளவு மெல்லிசா இருக்கும். கையுறை கட்டாயம், துருப்பிடிச்ச ஆணியும் கண்ணாடி சில்லும் காசை விட நிறைய வரும்.

இன்னொரு விஷயம், இதை தயவுசெஞ்சு விளையாட்டா எடுத்துக்காதீங்க. நிலத்துக்காரங்க அனுமதி இல்லாம எங்கயும் தோண்டக்கூடாது, புதையல் சட்டம் நாட்டுக்கு நாடு வேற, சில நாட்டுல டிடெக்டர் பயன்படுத்தவே லைசென்ஸ் வேணும், அதனால உங்க ஊர் சட்டத்தை முதல்ல படிங்க. தொல்லியல் இடங்கள் பக்கமே போகாதீங்க, ஒரு பழைய காசு எந்த மண்ணடுக்குல எதுக்கு பக்கத்துல கிடந்துச்சுங்கறதுதான் ஆய்வாளருக்கு வரலாறு, நாம அதை பிடுங்கி எடுத்துட்டா அந்த தகவல் யாருக்கும் திரும்ப கிடைக்காது. குண்டு, ஷெல் மாதிரி எது தெரிஞ்சாலும் தொடாம விலகி வந்து போலீசுக்கு சொல்லுங்க. போட்ட குழிய மூடிட்டு வாங்க, எடுத்த குப்பையை கையோட கொண்டுவந்துடுங்க.

எனக்கு நம்பிக்கை வந்த நாள் காசு கிடைச்ச நாள் இல்ல. ஒரு சிக்னல், நம்பர் அப்படியே காசு நம்பர், ஆனா சத்தத்தோட ஓரத்துல லேசா ஒரு கரகரப்பு. காயிலை மெதுவா என் பக்கம் இழுத்தேன், விளிம்பு தாண்டற நேரம் இரும்போட தாழ்ந்த சத்தம் ஒரு நொடி வந்துச்சு. பாட்டில் மூடின்னு கூட இருந்தவர்கிட்ட சொல்லிட்டுதான் தோண்டினேன். ஏழெட்டு செ.மீ.ல துருப்பிடிச்ச மூடி. அதை இன்னும் வெச்சிருக்கேன்.